சனிக்கிழமைப் பாடங்கள்

நுழையும்முன்

அயல்நாடுகளுக்குத் தொண்டாற்றச் செல்வோர் தம் அறிவையும் உழைப்பையும் அங்குள்ள மக்களுக்கு அளிக்கின்றனர். ஆனால், அளிப்பதற்கு முன் அம்மக்களை அறிந்துகொள்ள வேண்டும். நேபாளத்தின் காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் தொண்டாற்றிய இளம்பெண் ஒருவர் அங்குள்ள கோயில்கள், கடைத்தெருக்கள், உணவு ஆகியவற்றின் வழியே பெற்ற பட்டறிவை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பேசாத வகுப்பறை

2015ஆம் ஆண்டு ஏப்ரல் 25, சனிக்கிழமை. நண்பகலை நெருங்கும் வேளையில் 7.8 அளவிலான நிலநடுக்கம் நேபாளத்தை உலுக்கியது. ஏறத்தாழ 9,000 பேர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கான பள்ளிக் கட்டடங்கள் இடிந்தன. நேபாளத்தில் சனிக்கிழமையே வார விடுமுறை நாள். ஆதலால் வகுப்பறைகளில் அப்போது மாணவர் இல்லை. எண்ணற்ற இளந்தளிர்கள் உயிர் தப்பினர்.

மறு ஆண்டு, லலித்பூர் நகரப் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பிக்க இந்தியாவிலிருந்து இளம்பெண் ஒருவர் தன்னார்வலராகச் சென்றார். கட்டடப் பொறியியல் பயின்ற அவர், தகரக் கூரை வேய்ந்த தற்காலிக வகுப்பறையில் ஆர்வத்தோடு பாடம் நடத்தினார். மாணவர்களோ வாய் திறக்கவில்லை. ‘துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் புறப்படுகிறது’ என்று ஒரு கணக்கு. ‘இரண்டு தொடர்வண்டிகள் எதிரெதிரே வருகின்றன’ என்று மற்றொரு கணக்கு. நேபாளமோ கடலற்ற நாடு. அம்மாணவருள் பெரும்பாலோர் தொடர்வண்டியைக் கண்ணால் கண்டதுமில்லை.

பள்ளி முடிந்தால் அவர் நேரே அறைக்குத் திரும்புவார்; பொட்டலத்தில் வந்த நூடுல்ஸை வேகவைத்து உண்பார். அவர் தங்கியிருந்தது நேவார் குடும்பம் ஒன்றின் வீடு. காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் தொன்மையான குடிகள் நேவார் மக்கள். அவ்வீட்டு மூதாட்டி ஒருநாள் அவரை அழைத்து, “குழந்தாய், நீ எங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வந்தாய். அவர்கள் எந்தத் தெருவில் நடக்கிறார்கள், என்ன உண்கிறார்கள் என்று அறியாமல் எப்படிக் கற்றுத்தருவாய்?” என்று வினவினார். அவ்வினா அப்பெண்ணின் நெஞ்சில் தைத்தது. அடுத்த சனிக்கிழமை முதல் அவர் வெளியே புறப்பட்டார்.

உளி சொன்ன விடை

முதலில் அவர் சென்ற இடம் லலித்பூர் அரண்மனைச் சதுக்கம். அங்குள்ள கிருஷ்ணர் கோயில் 1637ஆம் ஆண்டு சித்தி நரசிம்ம மல்லர் என்னும் அரசரால் கல்லால் எழுப்பப்பட்டது. அதன் மேல்மாடங்களில் மகாபாரதக் காட்சிகளும் இராமாயணக் காட்சிகளும் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. இருபத்தொரு கலசங்களைத் தாங்கிய அக்கோயில் நிலநடுக்கத்திலும் நிலைத்து நின்றது. ஆனால், அதே சதுக்கத்தில் செங்கல்லாலும் மரத்தாலும் ஆன சார் நாராயணர் கோயில் தரைமட்டமானது. இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்ட சிற்பத் தூண்களும் உத்தரங்களும் பாதுகாக்கப்பட்டு வந்தன.

அங்கே மரச்சிற்பி ஒருவர் பழந்தூண் ஒன்றைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். “சிமெண்டால் கட்டினால் விரைவில் முடிந்துவிடுமே!” என்றார் அப்பெண்.

சிற்பி உளியைக் கீழே வைத்தார். “அம்மா, சிமெண்டுத் தூண் பழுதானால் இடித்துத்தான் ஆகவேண்டும். மரத்தூணின் அடி உளுத்தால், உளுத்த பகுதியை மட்டும் அறுத்தெடுத்துப் புதுமரத்தைப் பொருத்துவோம். அதற்குத் தேர்ந்த கை வேண்டும். கோயிலைச் சிமெண்டால் கட்டிவிட்டால், என் மகன் இந்த உளியை எதற்காகப் பிடிப்பான்?” என்றார்.

பொறியியல் பயின்ற அவருக்கு அது புதுப்பாடமாயிற்று. காத்மாண்டிலுள்ள ராணி போக்கரி என்னும் குளத்தைப் புதுப்பிக்கையில் சிமெண்டுக் கலவை பயன்படுத்தப்பட்டபோது நகரமக்கள் எதிர்த்து நின்றனர். பின்னர் அப்பணி மரபுமுறைப்படியே நிறைவேறியது. சிற்பியின் கவலை அவர் ஒருவருடையது மட்டும் அன்று.

அங்காடியும் அடுக்களையும்

மற்றொரு சனிக்கிழமை, மூதாட்டி அவரைக் காத்மாண்டிலுள்ள அசன் கடைத்தெருவுக்கு அழைத்துச் சென்றார். இந்தியாவையும் திபெத்தையும் இணைத்த பழைய வணிகப் பாதையில் அமைந்த அங்காடி அது. ஆறு தெருக்கள் கூடும் அவ்விடத்தில் அன்னபூரணி கோயில் உள்ளது. தெய்வம் அங்கே நிறைகுட வடிவில் வழிபடப்படுகிறது. வணிகர்கள் அன்னையை வணங்கிய பின்னரே கடை திறக்கின்றனர். மலைமலையாய் அரிசி, பருப்பு, அவல், பித்தளைக் குடங்கள், நாவை மரத்துப்போகச் செய்யும் திம்மூர் என்னும் காட்டு மிளகு, புளிக்கவைத்து உலர்த்திய குந்துருக் கீரை. ஒவ்வொன்றின் பெயரையும் மூதாட்டி சொல்ல, அப்பெண் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அன்று முதல் நூடுல்ஸ் பொட்டலம் திறக்கப்படவில்லை. காலை பத்து மணியளவில் சோறு, பருப்பு, காய்கறி, பிற்பகலில் சிற்றுண்டி, இரவில் மீண்டும் சோறு என அவ்வீட்டாரோடு அமர்ந்து உண்டார். நேவார் உணவுகள் நம்மவர்க்கு அயலானவை அல்ல. உளுந்தை அரைத்துத் தட்டிச் சுடும் ‘பாரா’ நம் உளுந்து அடையை ஒத்தது. அரிசிமாவை மெல்லிதாக ஊற்றிச் சுடும் ‘சதாமரி’ தோசையின் உடன்பிறப்பு. எச்சில் படாமல் அண்ணாந்து நீர் அருந்தும் வழக்கமும் அங்கு உண்டு.

மார்கழியை ஒட்டிய முழுநிலா நாளில் ‘யோமரிப் புன்ஹி’ என்னும் அறுவடைத் திருநாள் வந்தது. அரிசிமாவினுள் வெல்லப்பாகும் எள்ளும் வைத்து, நுனி கூராக்கி ஆவியில் வேகவைப்பது யோமரி. நம் கொழுக்கட்டையை நினைவூட்டுவது. அப்பெண் செய்த முதல் யோமரி வெடித்து வெல்லம் ஒழுகியது. வீட்டார் சிரித்தனர், அவரும் சிரித்தார். மாலையில் தெருப்பிள்ளைகள் யோமரி கேட்டுப் பாடிவந்தனர். அவர்களுள் சிலர் அவருடைய மாணவர்கள். வகுப்பில் ஒரு சொல்லும் பேசாதவர்கள் அன்று உரத்த குரலில் பாடினர்.

ஐந்தடுக்குக் கணக்கு

பக்தபூர் நகரில் நியாதபோலா என்னும் ஐந்தடுக்குக் கோயில் உள்ளது. 1702ஆம் ஆண்டு பூபதீந்திர மல்லர் கட்டிய அக்கோயில், 2015ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தைத் தாங்கி நின்றது. அதன் படிகளின் இருபுறமும் ஐந்து இணைக் காவலர் சிலைகள் உள்ளன. கீழ்ப்படியில் மல்லர்கள், அவர்கள் எளிய மனிதரினும் பத்து மடங்கு வலியர். அவர்களுக்கு மேலுள்ள ஒவ்வோர் இணையும் தமக்குக் கீழுள்ளதைக் காட்டிலும் பத்து மடங்கு வலிமை உடையது என்பது மக்கள் நம்பிக்கை.

திங்கட்கிழமை. அப்பெண் கரும்பலகையில் ஐந்து படிகளை வரைந்தார். “மல்லர், சிங்கம், யானை...” என்று எழுதத் தொடங்கியதும் கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்தான்.

“தவறு, ஆசிரியரே! யானை கீழே, சிங்கம் மேலே. அதற்கும் மேலே சிறகுடைய விலங்கு. உச்சியில் தேவியர்.”

அந்நாள்வரை அவன் குரலை அவ்வகுப்பு கேட்டதில்லை. அவர் அழித்துத் திருத்தி எழுதினார். “அப்படியானால் தேவியரின் வலிமை எத்தனை மனிதருக்கு ஈடு?” என்று கேட்டார். பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்று வகுப்பே படியேறியது. “ஓர் இலட்சம்!” என்ற முழக்கத்தில் தகரக் கூரை அதிர்ந்தது.

அதன்பின் கப்பலும் தொடர்வண்டியும் கணக்குகளிலிருந்து விடைபெற்றன. அசன் கடைத்தெருவின் அரிசியும், பக்தபூரின் மண்சட்டித் தயிரும் அவற்றின் இடத்தைப் பெற்றன. ஆறு திங்களில் அவர் கற்பித்த கணக்குகள் சில. அம்மண்ணிடம் கற்றவை பல. ஊரை அறிந்து ஆற்றும் தொண்டே ஊருக்குப் பயன்படும்.

சொற்பொருள்

பட்டறிவு – அனுபவம். உத்தரம் – கூரையைத் தாங்கும் குறுக்குமரம். உளுத்தல் – பூச்சியால் அரிக்கப்படுதல். மல்லர் – மற்போர் வீரர். திங்கள் – மாதம்.

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. நேபாளத்தில் வார விடுமுறை நாள் ________.
2. அசன் கடைத்தெருவில் ________ தெருக்கள் கூடுகின்றன.
3. நியாதபோலா கோயில் கட்டப்பட்ட ஆண்டு ________.

ஆ. பிரித்து எழுதுக.
அவ்வினா, மரச்சிற்பி, ஒவ்வொன்று

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. மாணவர்கள் முதலில் பேசாமல் இருந்ததற்குக் காரணம் யாது?
2. நிலநடுக்கத்தில் பள்ளி மாணவர் பலர் உயிர் தப்பியது எவ்வாறு?

ஈ. சிந்தித்து எழுதுக.
இடிந்த கோயிலைச் சிமெண்டால் விரைந்து கட்டுவது, மரபுமுறையில் பொறுமையாகக் கட்டுவது – இவற்றுள் எது சிறந்தது? சிற்பியின் கூற்றைக் கருத்திற்கொண்டு உம் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.

உ. செயல்பாடு
நீர் வாழும் ஊரின் அங்காடி ஒன்றுக்குப் பெற்றோருடன் செல்க. அங்கு விற்கும் ஐந்து பொருள்களின் உள்ளூர்ப் பெயர்களையும் தமிழ்ப் பெயர்களையும் எழுதி, அவற்றைக் கொண்டு கணக்கு ஒன்றை உருவாக்குக.