நனையாத காருக்குள் நீர் வந்த வழி

மழையில் ஒரு துளிகூட நனையாத கார் துருப்பிடிக்குமா? பிடிக்கும். பிடித்ததை நான் கண்ணால் கண்டேன். அதற்குக் காரணமாகவும் இருந்தேன். அந்த நிகழ்ச்சியையும் அதன் பின்னுள்ள விஞ்ஞானத்தையும் சங்கத்து நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மும்பை மாட்டுங்காவில் நான் வளர்ந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு மாமி குடியிருக்கிறார். அவருடைய காலஞ்சென்ற கணவர் ஆசையாக வைத்திருந்த ஃபியட் 1100 கார், முற்றத்துத் தகரக் கொட்டகையில் நிற்கிறது. 1960-களில், பக்கத்திலுள்ள குர்லாவில் உருவான வண்டி அது. அதே குடும்பத்தில் பின்னர் வந்த ப்ரீமியர் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரில் மும்பைத் தெருக்களிலிருந்து விடைபெற்றுவிட்டன. ஆகையால் இன்று அப்படியொரு காரைக் காண்பதே அருமை.

2024 ஜூன் மாதம், மகளின் பிரசவத்தை முன்னிட்டு மாமி கும்பகோணம் புறப்பட்டார். "நீ கெமிஸ்ட்ரி படிக்கிற பிள்ளையாச்சே, மழை முடியிற வரைக்கும் வண்டியை எப்படிப்பா வைக்கறது?" என்று என்னைக் கேட்டார். நான் சற்றும் யோசியாமல், "பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக்கிச் சுற்றிக் கட்டிவிடலாம், மாமி" என்றேன். நானே கட்டியும் வைத்தேன்.

அக்டோபரில் மாமி திரும்பியதும் அவிழ்த்தோம். ஷீட்டின் உட்புறத்தில் முத்து முத்தாக நீர். இருக்கைகளில் பூஞ்சணம். பின்சக்கரங்கள் அசைய மறுத்தன. கால்விரிப்பைத் தூக்கி, முன்பே மெலிந்திருந்த தரைத் தகட்டை அழுத்தினேன். விரல் உள்ளே போயிற்று. மாமி கோபிக்கவில்லை. "மழையிலே நனையவே இல்லையேப்பா, தண்ணி எங்கேருந்து வந்தது?" என்று மட்டும் கேட்டார். பட்டம் பெற்றுவிட்ட என்னிடம் அக்கேள்விக்கு அன்று விடை இல்லை.

நீர் எங்கிருந்து வந்தது?

காற்றிலிருந்து வந்தது. காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராமைத்தான் தாங்கும். தாங்கக்கூடிய அளவில் நூற்றுக்கு எத்தனை பங்கு உண்மையில் இருக்கிறதோ, அதுவே ஒப்பு ஈரப்பதம்.

அந்தக் கொட்டகையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நீளம் 5 மீட்டர், அகலம் 3, உயரம் 2½. கொள்ளளவு 37½ கன மீட்டர். மழைக்கால மும்பையில் 30 டிகிரியும் 85 விழுக்காடு ஈரப்பதமும் புதுமையல்ல. அந்நிலையில் கன மீட்டருக்கு 26 கிராம் வீதம் கொட்டகைக் காற்றில் மட்டும் சுமார் ஒரு லிட்டர் நீர் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கிறது! இந்தக் காற்று 27 டிகிரிக்குக் குளிர்ந்தாலே போதும், நீராவி நீராக மாறத் தொடங்கும். இவ்வெப்பநிலையைப் பனிநிலை என்பர். பகலுக்கும் இரவுக்கும் மூன்று டிகிரி வேறுபாடு எங்கும் உண்டல்லவா? இரவில் குளிர்ந்த இரும்பு, காலையில் காற்றைப்போல் விரைவில் சூடேறுவதில்லை. அப்போது வெளிக்காற்று உள்ளே வந்தால், குளிர்ந்த தகட்டின்மேல் பனி படிகிறது.

நான் கட்டிய ஷீட் இதனைத் தடுத்ததா? இல்லை. கொட்டகையின் தரையிலிருந்து ஓயாமல் எழுந்த ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்தது. பகலில் ஆவியாகி, இரவில் துளியாகி, அதே நீர் நான்கு மாதம் அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தது.

துருவின் வேலை

இரும்பின்மேல் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று படிந்தால் அங்கே ஒரு சிறிய மின்கலம் உண்டாகிறது. ஓரிடத்தில் இரும்பு எலெக்ட்ரான்களை இழந்து கரைகிறது; அவை உலோகத்தின் வழியே சென்று, வேறோரிடத்தில் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் சேர்கின்றன. பிராணவாயு குறைந்த இடமே கரையும் இடமாகிறது. கால்விரிப்பின் அடி, சேறு ஒட்டிய மூலை, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பொருத்து ஆகியவை முதலில் கெடுவதற்கு இதுவே காரணம்.

இதில் நமக்குச் சாதகமான ஒரு செய்தியும் உண்டு. 1930-களில் பிரிட்டனில் வெர்னன் என்பவர் நடத்திய ஆய்வுகள், ஈரப்பதம் ஓர் எல்லையைத் தாண்டிய பிறகே இரும்பில் துரு வேகமாகப் பரவுகிறது என்று காட்டின. அந்த எல்லை சுமார் 60 விழுக்காடு. ஆனால் உப்பும் புகையும் படிந்திருந்தால் நிலைமை மோசமாகும். சாதாரண உப்பே 75 விழுக்காட்டு ஈரப்பதத்தில் காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடற்கரை நகரங்களில் காரின் அடிப்பாகம் விரைவில் அரிபடுவது ஏன் என்பது இப்போது விளங்கும். ஆகவே ஈரப்பதத்தை 50 விழுக்காட்டையொட்டி வைத்தால் வெற்றி நமதே. 40-க்குக் கீழே மிகவும் இறக்கினால் தோலும் மரமும் வெடிக்கும், அதுவும் வேண்டாம்.

செய்ய வேண்டியவை

முதலாவது, நிறுத்துமுன் வண்டியை அடிப்பாகம் உட்பட நல்ல நீரால் கழுவ வேண்டும். பிறகு வெயிலில் அரைமணி நேரம் ஓட்டிக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு உள்ளே விடுவது கூடாது.

இரண்டாவது, தரையைச் சோதிக்க வேண்டும். ஒரு சதுர அடி பாலிதீன் தாளை நான்கு பக்கமும் தரையில் ஒட்டி, ஒருநாள் கழித்து எடுத்துப் பாருங்கள். அடியில் நீர் கோத்திருந்தால் தரை ஈரத்தை விடுகிறது என்று பொருள். கனமான பாலிதீனைத் தரை முழுதும் விரித்து, சக்கரத்தின் கீழ்ப் பலகை போட்டுக் காரை நிறுத்துக. பிளாஸ்டிக் இருக்க வேண்டிய இடம் காரின் கீழே; மேலே போர்த்துவதற்குக் காற்றை விடும் பருத்தித் துணியே ஏற்றது.

மூன்றாவது, காரின் உள்ளே சிலிக்கா ஜெல் வைக்கலாம். உள்ளிடம் 3 கன மீட்டர் எனக் கொண்டால், 85-லிருந்து 50 விழுக்காட்டுக்கு இறக்க 32 கிராம் நீரை எடுத்தால் போதும். ஒரு கிலோ ஜெல் 200 கிராமுக்கு மேல் ஏற்கும். இருக்கைகளிலும் ஈரம் உண்டு. இடுக்குகள் வழியே புதிய ஈரமும் வரும். ஆதலால் இரண்டு கிலோ வைத்து, நிறைந்ததும் 120 டிகிரி சூட்டில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். கண்ணாடிகள் மூடியிருக்க வேண்டும். கொட்டகை முழுவதையும் இப்படி உலர்த்த நினைப்பது கடலை இறைக்கும் வேலை.

நான்காவது, பழைய எஞ்சின் ஆயிலில் நீரும் அமிலமும் சேர்ந்திருக்கும், மாற்றிவிடுக. பிரேக் ஆயிலும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது; அதையும் மாற்றுக. பெட்ரோல் டாங்கை முழுதும் நிரப்பி வைப்பது முன்னோர் வழக்கம். இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எதனால் கலந்திருக்கிறது. அது நீரைச் சேர்த்துக்கொண்டு, அளவு மிஞ்சினால் பிரிந்து அடியில் தங்கும். பல மாதம் நிறுத்துவதானால் மெக்கானிக்கைக் கொண்டு வடித்துவிடுவது மேல். ஹாண்ட் பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். இல்லையேல் பிரேக் துருவால் ஒட்டிக்கொள்ளும். எங்களுக்கு அதுதான் நேர்ந்தது.

செய்யக்கூடாத ஒன்று

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட்டினால் நல்லது என்று பலர் நம்புகிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது! எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அது புகையோடு ஆவியாய்ப் போய்விடும். ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கிவிடும். அரைமணி நேரம் ஓட்ட முடிந்தால் எடுங்கள். இல்லையேல் தொடாமல் விடுங்கள்.

2025 மழைக்காலத்துக்கு முன் தரைத் தகட்டைப் பட்டறையில் வெல்டிங் செய்து, மேற்சொன்ன யாவற்றையும் மாமியும் நானும் செய்தோம். ஓர் ஈரப்பதமானியைக் காருக்குள் வைத்தேன். கொட்டகையில் 85 காட்டிய நாட்களிலும் காருக்குள் 60-ஐத் தாண்டவில்லை. இருமுறை ஜெல்லை மாற்ற வேண்டியிருந்தது. அக்டோபரில் துணியை எடுத்தபோது, மாமி முதலில் கால்விரிப்பைத் தூக்கித் தரையைத் தடவிப் பார்த்தார். பிறகு சாவியை என்னிடம் நீட்டி, "ஃபைவ் கார்டன்ஸ் வரைக்கும் போய்ட்டு வரலாம்ப்பா" என்றார்.

நண்பர்களே, நம்மில் கார் வைத்திருப்போர் சிலரே. ஆனால் ஊரில் தந்தையார் நிறுத்திவைத்த ஸ்கூட்டரும், பரண்மேல் இரும்புப் பெட்டியும், பழைய தையல் இயந்திரமும் இல்லாத வீடு அரிது. அவற்றுக்கும் விதி இதுவே. அடுத்த விடுமுறைக்குப் போகும்போது அவற்றின்மேல் இறுகக் கட்டிய பிளாஸ்டிக்கை ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள்.