குளத்தில் முத்து விளைவித்தல்

சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்து முத்தாகிறது என்று நம் நாட்டில் வெகு காலமாகச் சொல்லி வருகிறார்கள். சிப்பியின் உடலைத் திறந்து பார்த்தவர்க்கு விஷயம் வேறாகத் தெரியும். ஓட்டின் உட்புறத்தை ஒட்டி, வெங்காயச் சவ்வைப் போன்ற மெல்லிய தோலொன்று போர்த்துக் கிடக்கிறது. ஓட்டின் பளபளப்பான உட்பூச்சை உண்டாக்குவது இத்தோலே. அப்பூச்சு தட்டையாகப் படிந்தால் ஓடு. ஒரு பொருளைச் சுற்றிப் படிந்தால் முத்து.

இதைத் தொழிலாக்கியவர்கள் ஜப்பானியர். 1893-ல் மிகிமோட்டோ கோக்கிச்சி என்பவர் கடற்சிப்பியில் அரைமுத்து விளைவித்தார். முழு உருண்டை முத்துக்கு, ஓட்டில் கடைந்த மணியோடு மற்றொரு சிப்பியின் போர்வைத் தோலில் சிறு துண்டும் வைக்க வேண்டும் என்பதை மிசே, நிஷிகாவா என்னும் இருவர் 1907-ஐ ஒட்டிக் கண்டனர். தூத்துக்குடியில் 1961-உடன் முத்துச் சலாபம் நின்று போயிற்று. ஆனால் அவ்வூரிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973-ல் உருண்டை முத்து விளைவித்துக் காட்டினர்.

கடலில்லாத ஊரிலுள்ள குடியானவருக்கு உரியது ஏரி குளங்களில் கிடைக்கும் நன்னீர்ச் சிப்பி. புவனேசுவரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிலையத்தார் இதற்கு முறை வகுத்துள்ளனர். 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள உயிருள்ள சிப்பிகளைச் சேகரித்து, லிட்டருக்கு ஒன்று வீதம் இரண்டு மூன்று நாள் தொட்டியில் நெருக்கமாக வைத்தால், ஓட்டை மூடும் தசை தளர்ந்து கொடுக்கும். பிறகு ஓட்டை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மட்டும் விலக்கி, போர்வைத் தோலை ஓட்டினின்றும் கிழியாமல் பிரித்து, இடையில் மணியையாவது, ஓட்டுப்பொடியில் வார்த்த பிள்ளையார் போன்ற உருவத்தையாவது செருகுதல் வேண்டும். அதற்குமேல் திறந்தால் தசை அறும், சிப்பி பிழைக்காது. புதிதாய்த் தொடங்குவோருக்கு இவ்வகையே ஏற்றது. உருண்டை முத்து கைபழகியபின் பார்த்துக்கொள்ளலாம்.

இதன்பின் 10 நாள் தொட்டியிலேயே வைத்துக் காத்தல் அவசியம். நான் முதன்முறை செய்தபோது, அவ்வளவு நாள் வீண் என்றெண்ணி மறுநாளே குளத்தில் இறக்கினேன். காயத்தால் செத்தவை பைக்குள் அழுகி, கூட இருந்தவற்றையும் கெடுத்தன. தொட்டியில் வைத்திருந்தால், செத்தவற்றையும் மணியை வெளியே தள்ளிவிட்டவற்றையும் அன்றன்றே பொறுக்கி எறிந்திருக்கலாம்.

தேறியவற்றை நைலான் வலைப்பையொன்றுக்கு இரண்டாக இட்டு, மூங்கிலில் கட்டி, ஒரு மீட்டர் ஆழத்தில் தொங்கவிடுக. முத்து முதிர 12 முதல் 18 மாதம் செல்லும். ஆகையால் கோடை ஒன்றையேனும் கடந்தாக வேண்டும். சித்திரை வைகாசியில் வற்றும் குளத்தில் இத்தொழிலைத் தொடங்கலாகாது. பூச்சிமருந்து தெளித்த வயலின் வடிகால் வந்து விழும் குளமும் ஆகாது. சிப்பி நீரை வடிகட்டியே இரை கொள்வதால், தண்ணீர் இளம்பச்சையாக இருத்தல் நலம். தெளிந்துவிட்டால் சிறிது சாணம் கரைத்து விடலாம். பைகளில் படியும் பாசியை அவ்வப்போது கழுவுக. அவசரப்பட்டு முன்னதாக உடைத்தால் பூச்சு மெல்லியதாயிருந்து உரிந்துவிடும், அதற்கு விலையில்லை.

விளைந்த முத்தையெல்லாம் தாமே வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, சிப்பிக்கும் பயிற்சிக்கும் முன்பணம் கேட்போர் ஊர்களுக்கு வருகின்றனர். எழுத்து மூலமான ஒப்பந்தமும், அவர்களிடம் முன்பு விற்றவர் ஒருவரின் நேர் வாக்குமூலமும் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம். கிராம அதிகாரிகள் இதை விசாரித்து வைத்தால் பலருக்கு உபகாரமாகும். பொது ஏரியில் சிப்பி வாருவோர் சிறியவற்றை நீரிலேயே விட்டுவிடும்படியும் அவர்கள் கவனித்தல் வேண்டும். முதல் வருஷத்துக்கு நூறு சிப்பிகள் போதும்.