பழ ஈயும் இறக்குமதிக் கட்டுப்பாடும்

மாணவர்களே, சர்வதேச வர்த்தகம் என்னும் அலகில் தீர்வை, கோட்டா ஆகியவற்றை நீங்கள் நன்றாகவே எழுதுகிறீர்கள். தீர்வையல்லாத தடைகளுக்கு உதாரணம் கேட்டால் மட்டும் "சுகாதாரக் கட்டுப்பாடுகள்" என்ற இரண்டு சொற்களோடு விடை நின்றுவிடுகிறது. அக்கட்டுப்பாடு நியாயமானதா என வினவினால், "உள்நாட்டு உற்பத்தியாளரைப் பாதுகாப்பதற்கே" என எழுதுவோர் பலர். இது அரைவாசி விடையே. மற்ற அரைவாசியைப் பழ ஈயை வைத்து விளங்கிக்கொள்வோம்.

முதலில் பூச்சியைப் பற்றி அறிதல் வேண்டும். கலைப்பிரிவு மாணவருக்கு இது எதற்கு என எண்ண வேண்டாம். தடைக்கான காரணம் முழுவதும் இங்கேதான் உள்ளது. பெண் பழ ஈ பழத்தின் தோலைத் துளைத்து அதன் கீழே முட்டையிடும். துளை ஊசிமுனையளவே இருக்கும். ஓரிரு நாட்களில் முட்டைகள் பொரித்து, குடம்பிகள் சதையை உண்டு வளரும். பின்னர் அவை பழத்தை விட்டு வெளியேறி, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, ஈயாக வெளிவரும். முட்டையுள்ள மாம்பழம் பார்வைக்கு நல்ல பழமாகவே தோன்றும். துறைமுக அதிகாரி ஒவ்வொரு பழத்தையும் வெட்டிப் பார்க்க முடியுமா? கீழைத்தேயப் பழ ஈ 300 இற்கும் மேற்பட்ட தாவரங்களைத் தாக்கவல்லது. ஆகவே வீசியெறிந்த ஒரு பழத்திலிருந்து தப்பும் ஈக்களுக்குப் புதிய நாட்டிலும் உணவுப் பஞ்சம் ஏற்படாது.

இனி உதாரணத்துக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியம் 2014 மே 1 முதல் இந்திய மாம்பழம், கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பு ஆகியவற்றின் இறக்குமதியைத் தடைசெய்தது. 2013 இல் இந்தியாவிலிருந்து சென்ற 207 சரக்குத் தொகுதிகளில் பழ ஈ உள்ளிட்ட பீடைகள் காணப்பட்டமையே காரணமாகக் கூறப்பட்டது. அல்போன்சோ மாம்பழப் பருவத்தில் வந்த இத்தடை மகாராட்டிர விவசாயிகளுக்குப் பேரிடியாயிற்று. ஏற்றுமதிக்கென வைத்த பழம் உள்நாட்டுச் சந்தைக்குத் திரும்பினால் அங்கு நிரம்பல் கூடி விலை வீழும். இவ்விடத்தில் நிரம்பல் வளையி வலப்புறம் நகர்வதை வரைந்து காட்டுங்கள்; விடை கனதி பெறும்.

எனினும் தடை நெடுங்காலம் நீடிக்கவில்லை. இந்தியா தனது ஏற்றுமதிப் பரிசோதனை, சான்றிதழ் முறைகளைச் சீர்செய்ததும், 2015 இன் தொடக்கத்தில் மாம்பழத்தின் மீதான தடை நீக்கப்பட்டது. இதற்கு முன்னரும் இவ்வாறு கதவுகள் திறந்ததுண்டு. பழத்தினுள் உள்ள முட்டையையும் குடம்பியையும் வெப்ப நீராவியால் அழிக்கும் முறையை ஏற்று யப்பான் 2006 இலும், கதிர்வீச்சுக்குட்படுத்திய பழத்தை ஏற்று ஐக்கிய அமெரிக்கா 2007 இலும் இந்திய மாம்பழத்தை அனுமதித்தன. தடுக்கப்பட்டது பழமன்று, அதனுள் இருந்த பீடையே என்பதை இவை காட்டும்.

யப்பானில் இன்னுமோர் உதாரணம் உண்டு. நான் மிகவும் விரும்புவது இதனைத்தான். பூசணிக்குடும்பப் பயிர்களைத் தாக்கும் ஒருவகைப் பழ ஈ அந்நாட்டின் ஒக்கினாவாத் தீவுகளில் பரவியிருந்தது. அங்கு விளைந்த பாகற்காயைப் பெருநிலப்பரப்புக்குக் கொண்டுசெல்ல அரசு அனுமதிக்கவில்லை. மலடாக்கிய ஆண் ஈக்களைப் பெருந்தொகையாக விடுவித்து 1993 இல் அவ்வீயை ஒழித்த பின்னரே அத்தடை நீங்கியது. தன் விவசாயிக்கே விதித்த தடையை வெளிநாட்டுப் போட்டியைத் தடுக்கும் தந்திரம் என்று எவ்வாறு கூறுவது?

அதற்காக எல்லாத் தடைகளும் தூய எண்ணத்துடன் விதிக்கப்படுகின்றன என எழுதிவிடாதீர்கள். சுகாதாரக் காரணம் வர்த்தகப் பாதுகாப்புக்குப் போர்வையாவதும் உண்டு. ஆதலால்தான் 1995 இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் சுகாதார, தாவரச் சுகாதார நடவடிக்கைகள் பற்றிய உடன்படிக்கை, இத்தகைய கட்டுப்பாடு விஞ்ஞானச் சான்றின் அடிப்படையில் அமைய வேண்டும் என்கிறது. தேவைக்கு மேல் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தலாகாது என்றும் விதிக்கிறது.

இலங்கையில் இவ்விடயம் 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. இலங்கையை வெறும் இறக்குமதி நாடாக மட்டும் பார்க்கவும் வேண்டாம். 2003 இல் கென்யாவில் கண்டறியப்பட்டு ஆபிரிக்காவில் வேகமாகப் பரவிய பழ ஈ, இலங்கையிலும் உள்ள ஒரு புதிய இனம் என 2005 இல் விபரிக்கப்பட்டது. அது வேறெதுவுமன்று, மேலே கூறிய கீழைத்தேயப் பழ ஈயே என 2015 இல் தீர்மானிக்கப்பட்டது.

பயிற்சி வினா: "பழ ஈயைக் காரணங்காட்டி விதிக்கப்படும் இறக்குமதித் தடை ஒரு பாதுகாப்புவாத நடவடிக்கையாகும்." இக்கூற்றை இரு உதாரணங்களுடன் ஆராய்க.