தடைப் பாதை கேம்: கடினமாக இருக்கலாம், முடியாததாக இருக்கக் கூடாது

செங்கல், முள், பள்ளம் ஆகியவற்றைக் கட்டம் கட்டமாக வைத்து நாமே ஒரு தடைப் பாதையை அமைத்து, அதில் ஓடிக் குதித்து விளையாடும் கேம்களைப் பார்த்திருப்பீர்கள். இந்த வகை புதிதல்ல. 1983-ல் வெளிவந்த லோட் ரன்னர் கேமில் 150 நிலைகளோடு, சொந்தமாக நிலைகளை அமைத்துக் கொள்ளும் வசதியும் இருந்தது. 1984-ல் வந்த நின்டெண்டோவின் எக்ஸைட்பைக்கில் மேடுகளை நாமே வரிசையாக அடுக்கி பைக் ஓட்டலாம். இப்படி ஒரு சின்ன கேமை எழுதுவது வீட்டில் புரோகிராமிங் பழகுபவர்களுக்கு நல்ல பயிற்சி. எழுதிய பிறகு அதை எப்படி மேம்படுத்துவது என்பதுதான் இந்தப் பாடம்.

நண்பரின் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். பைத்தான் மொழியில், பைகேம் துணையோடு இப்படி ஒரு கேமை எழுதி என்னிடம் காட்டினான். நன்றாகவே எழுதியிருந்தான். ஆனால் ஒரு சிக்கல். தன் கம்ப்யூட்டரில் அவன் சுலபமாகத் தாண்டிய ஒரு சுவரை, வகுப்புத் தோழனின் பழைய கம்ப்யூட்டரில் யாராலும் தாண்ட முடியவில்லை. "நீ தாண்டவே இல்லை, சும்மா சொல்கிறாய்" என்று தோழன் சொல்ல, இருவருக்கும் பேச்சே நின்றுவிட்டதாம். புரோகிராமைத் திறந்து பார்த்தேன். இருவர் சொன்னதும் உண்மைதான்!

ஒரே சுவர், வேறு வேறு குதிப்பு

அந்த கேமில் ஒரு செங்கல் 32 பிக்ஸல். குதிக்கும் வேகம் நொடிக்கு 720 பிக்ஸல். புவியீர்ப்பு ஒவ்வொரு நொடிக்கும் 1800 பிக்ஸல் அளவு அந்த வேகத்தைக் குறைக்கிறது. பள்ளிக்கூட இயற்பியல்படி வேகத்தின் வர்க்கத்தை, புவியீர்ப்பின் இரு மடங்கால் வகுத்தால் குதிக்கும் உயரம் 144 பிக்ஸல் வரும்.

ஆனால் கம்ப்யூட்டர் தொடர்ச்சியாகக் கணக்குப் போடுவதில்லை. ஒவ்வொரு பிரேமிலும் முதலில் வேகத்தைக் குறைத்து, பிறகு ஆளை அந்த வேகத்தில் நகர்த்துகிறது. பிரேம்கள் குறையக் குறைய, ஒவ்வொரு முறையும் வெட்டப்படும் துண்டு பெரிதாகிறது. நான் கணக்கிட்டதில் கிடைத்த உயரங்கள் இவை:

நொடிக்கு 60 பிரேம்: 138 பிக்ஸல்
நொடிக்கு 30 பிரேம்: 132 பிக்ஸல்
நொடிக்கு 20 பிரேம்: 126 பிக்ஸல்

நான்கு செங்கல் சுவரின் உயரம் 128 பிக்ஸல். புதிய கம்ப்யூட்டரில் 10 பிக்ஸல் மிச்சத்தோடு தாண்டலாம். 20 பிரேம் மட்டுமே ஓடும் பழைய கம்ப்யூட்டரில் 2 பிக்ஸல் குறைவு. எத்தனை திறமையாக விளையாடினாலும் தாண்ட முடியாது. இங்கே தோற்றது ஆள் அல்ல, கணக்கு.

கணக்குக்குத் தனிக் கடிகாரம்

இதைச் சரிசெய்யும் வழி எளிது. திரையில் படம் வரைவது எந்த வேகத்திலும் நடக்கட்டும். நகர்வுக் கணக்கு மட்டும் எப்போதும் நொடிக்கு 60 முறை நடக்க வேண்டும். அந்த ஒவ்வொரு முறையையும் ஒரு துடிப்பு என்று வைத்துக் கொள்வோம்.

1. ஓர் உண்டியல் போல ஒரு வேரியபிள் வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரேமிலும், முந்தைய பிரேமிலிருந்து கழிந்த நேரத்தை அதில் போடுங்கள்.

2. உண்டியலில் 1/60 நொடிக்குக் குறையாமல் இருக்கும்வரை, அந்த அளவை எடுத்துக் கொண்டு ஒரு துடிப்புக்கான கணக்கைச் செய்யுங்கள். 20 பிரேம் ஓடும் கம்ப்யூட்டரில் ஒரு பிரேமுக்கு மூன்று துடிப்புகள் நடக்கும்.

3. ஒரு பிரேமுக்கு 5 துடிப்புகளுக்கு மேல் வேண்டாம். மீதி நேரத்தை விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் மெதுவான கம்ப்யூட்டர் பாக்கிக் கணக்கைத் தீர்ப்பதிலேயே மாட்டிக் கொண்டு திணறும். விட்டுவிட்டால் கேம் சற்று மெதுவாக ஓடும், ஆனால் குதிக்கும் உயரம் மாறாது.

4. நகரும் பலகை, சுழலும் முள் போன்ற தடைகளையும் கடிகார நேரத்தை வைத்து நகர்த்தாமல், துடிப்பு எண்ணிக்கையை வைத்தே நகர்த்துங்கள்.

இப்போது எல்லாக் கம்ப்யூட்டரிலும் உயரம் 138 பிக்ஸல்தான். ஆள் ஓடும் வேகம் நொடிக்கு 240 பிக்ஸல் என்பதால், ஒரே மட்டத்தில் குதித்தால் சுமார் 188 பிக்ஸல் தூரம் போகலாம். ஆகவே 4 செங்கல் உயரம், 5 செங்கல் அகலப் பள்ளம் ஆகியவை நிச்சயம் தாண்டக் கூடியவை. பாதை அமைக்கும் திரையில் இந்த அளவை மங்கலான ஒரு பெட்டியாகக் காட்டினால், கட்டுபவருக்கு அது ஒரு அளவுகோலாக உதவும்.

கட்டியவர் முதலில் தாண்டட்டும்

கணக்கு சரியானாலும், கட்டுபவர் ஏழு செங்கல் உயரச் சுவரை எழுப்பிவிட்டுப் போகலாம் அல்லவா? 2015-ல் வெளிவந்த சூப்பர் மரியோ மேக்கர் இதற்கு ஒரு நல்ல விதி வைத்திருந்தது. தான் அமைத்த பாதையைத் தானே ஒரு முறை முடித்துக் காட்டினால்தான் அதை மற்றவர்களுக்கு அனுப்ப முடியும். நம் கேமிலும் அப்படியே செய்யலாம். தொடக்கக் கொடியிலிருந்து முடிவுக் கொடி வரை ஓடி முடித்ததும் 'தாண்டியது' என்ற முத்திரை விழ வேண்டும். அதன் பிறகு ஒரே ஒரு செங்கல்லை நகர்த்தினாலும் முத்திரை அழிந்துவிட வேண்டும்.

முத்திரையை நம்பாதவருக்கு என்ன செய்வது? ஓடும்போது எந்தத் துடிப்பில் எந்தக் கீ அழுத்தப்பட்டது, எந்தத் துடிப்பில் விடப்பட்டது என்பதை மட்டும் பதிவு செய்து வையுங்கள். அரை நிமிட ஓட்டத்தில் 1800 துடிப்புகள் இருந்தாலும், கீ மாறும் இடங்கள் சில டஜன்தான். பாதையோடு இந்தப் பதிவையும் சேர்த்துக் கொடுத்தால், எதிரில் இருப்பவரின் கம்ப்யூட்டரே அந்த ஓட்டத்தை அப்படியே திரும்ப ஓட்டிக் காட்டும். கணக்குகளை முழு எண்களில் வைத்துக் கொண்டால் பிசகு வராது. தற்செயல் எண்கள் பயன்படுத்தினால் அவற்றின் தொடக்க எண்ணையும் சேமிக்க வேண்டும். நண்பரின் மகன் இதைச் சேர்த்து, புதிய கேமைத் தோழனிடம் கொடுத்தான். தன் பழைய கம்ப்யூட்டரிலேயே அந்தச் சுவரை ஆள் தாண்டுவதைப் பார்த்த பிறகு தோழன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவன் கட்டிய பாதை ஒன்று இவனுக்கு வந்ததாம்!

கட்டவும் ஓடவும் ஒரே கீ

பாதை அமைப்பவர் நூறு முறையாவது ஓடிப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் சேமித்து, மெனுவுக்குப் போய், திறந்து பார்க்க வேண்டுமென்றால் சலிப்பு தட்டும். டேப் கீயை அழுத்தியதும் மவுஸ் இருக்கும் இடத்திலிருந்தே ஆள் ஓடத் தொடங்கட்டும். மீண்டும் அழுத்தினால் கட்டும் திரை வரட்டும். ஆனால் நடுவிலிருந்து தொடங்கிய ஓட்டத்துக்கு முத்திரை கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

பைலில் என்ன எழுதுவது?

எக்ஸைட்பைக்கின் ஜப்பானுக்கு வெளியே விற்ற பதிப்பில் சேமிக்கும் மெனு இருந்தும் வேலை செய்யவில்லை. அதற்குரிய கருவி அங்கே விற்பனைக்கு வரவில்லை. மின்சாரத்தை நிறுத்தினால் கட்டிய பாதை போய்விடும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. 640 x 480 திரையில் 20 x 15 கட்டங்கள், அதாவது 300 எழுத்துகள். செங்கல்லுக்கு #, முள்ளுக்கு ^, வெற்றிடத்துக்குப் புள்ளி என்று சாதாரண டெக்ஸ்ட் பைலிலேயே எழுதிவிடலாம்.

முதல் வரியில் மட்டும் குதிக்கும் வேகம், புவியீர்ப்பு, ஓடும் வேகம் ஆகிய மூன்று எண்களையும் கட்டாயம் எழுதுங்கள். நாளைக்கு நீங்கள் குதிப்பைச் சற்றுக் குறைத்தால், அதுவரை மற்றவர்கள் கட்டிய பாதைகளில் பல ஒரே நாளில் தாண்ட முடியாதவை ஆகிவிடும். பழைய பாதையைத் திறக்கும்போது அதன் எண்களையே எடுத்துக் கொண்டால் இந்த ஆபத்து இல்லை.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. பைகேமில் கிளாக்கின் டிக் அளவை 60-லிருந்து 20-க்குக் குறைத்து, பதிவு செய்த ஓட்டத்தை மீண்டும் ஓட்டிப் பாருங்கள். படம் விட்டுவிட்டுத் தெரியும், பரவாயில்லை. ஆள் அதே துடிப்பில் முடிவுக் கொடியைத் தொட்டால் உங்கள் கேம் தயார்.