அலகில் ஓர் ஓநாய்

கேள்வி: பரணில் கிடந்த பழைய வாளின் அலகில் ஓடும் ஓநாய் போல ஒரு கீறல். ஜெர்மனியில் செய்ததா? (வாசகர், திருத்தணி)

பதில்: ஓநாயை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஜெர்மனியின் பஸாவ், ஸோலிங்கன் நகரத்துக் கொல்லர்களின் முத்திரைதான் அது. சில உளிக்கோடுகளில் வெட்டி, சிலவற்றில் பித்தளைக் கம்பியும் பதித்திருப்பார்கள். பேர்போன முத்திரையாயிற்றே, மற்ற ஊர்க் கொல்லர்களும் தாராளமாகப் போட்டுக்கொண்டார்கள். ஜாவா வாள்களில் காணும் டச்சுக் கம்பெனியின் வி.ஓ.சி. (நம் கப்பலோட்டிய தமிழர் அல்லர்!) முத்திரைக்கும் இதே கதிதான்.

அலகு ஓரிடம், பிடி ஓரிடம் என்பதும் சகஜம். தஞ்சை அரண்மனை ஆயுதசாலையின் 17ஆம் நூற்றாண்டுக் கட்டாரிகள் பலவற்றில், ஐரோப்பிய வாளை வெட்டி உள்ளூர்ப் பிடியில் பொருத்தியிருக்கிறார்கள். அவற்றில் பிடியைத்தான் தஞ்சாவூர் வேலை என்று அடையாளம் காண வேண்டும்.

ஆகவே முத்திரையோடு எஃகையும் பாருங்கள். நீரலை போன்ற வரிகள் ஓடினால் அது பெரும்பாலும் கீழை நாட்டு உருக்கு எஃகு. ஓநாய் இருந்தாலும் ஐரோப்பிய அலகாக இருக்க வாய்ப்புக் குறைவு. வரியில்லாமல், நெடுகச் சீரான பள்ளக்கோடுகள் இருந்தால் பரங்கி அலகாக இருக்க வாய்ப்புண்டு. புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், கீறலும் போய்விடும்.