பாடகியின் மௌனமும் பாய்சான் பரவலும்

இரண்டாமாண்டு பி.எஸ்சி., கணிதம்

பந்தயம் என்றதும் பலருக்குக் குதிரையும் சீட்டுக்கட்டும் நினைவுக்கு வரும். எனக்கு எங்கள் வீட்டுத் தகரப் பெட்டி நினைவுக்கு வரும். அதன் அடியில், என் தந்தையார் வாங்கிய பரிசுச் சீட்டுகள் இற்றுப்போன ரப்பர் வளையத்தோடு ஒரு கட்டாகக் கிடக்கின்றன. 2003இல் தமிழ்நாட்டில் பரிசுச் சீட்டு தடை செய்யப்பட்டது; நான் பிறந்தது அதற்குப் பின்னர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நிகழ்தகவு என்றொரு பாடம் இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னபோது, "அப்போ அந்தச் சீட்டுக் கணக்கைப் போட்டுச் சொல்லேன்" என்றார். போட்டேன். விடையை இங்கே எழுதப் போவதில்லை. அந்தக் கணக்கு முடிந்த சூட்டில் வேறொரு விந்தையான பந்தயத்தின்மீது என் கவனம் சென்றது. அதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

அமெரிக்காவில் கால்ஷி, பாலிமார்க்கெட் என்னும் கணிப்புச் சந்தைகள் உள்ளன. தேர்தல் முடிவு, வட்டி வீதம் போன்றவற்றோடு, எந்தப் பாப் பாடகர் எப்போது புதிய ஆல்பம் வெளியிடுவார் என்பதன்மீதும் அங்கே பணம் கட்டுகிறார்கள். ரிஹானாவின் புதிய ஆல்பம் முந்துமா, 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' என்ற வீடியோ விளையாட்டின் ஆறாம் பாகம் முந்துமா என்றுகூட ஒரு பந்தயம் உண்டு! முறை மிக எளியது. 'ஆம்' என்ற சீட்டை வாங்குகிறோம். சொன்னது நடந்தால் அதற்கு 1 டாலர், நடக்காவிட்டால் சுழி. அச்சீட்டு 30 சென்டுக்கு விற்கிறது என்றால், நிகழ்தகவு 30 விழுக்காடு என்று சந்தை நினைக்கிறது எனக் கொள்ளலாம். நம் கணக்கில் 58 வந்தால், 30க்கு வாங்குவது இலாபம்தானே? நம் நாட்டில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டது. ஆகவே என் பந்தயம் நோட்டுப் புத்தகத்தோடு நின்றது.

58 என்பது நான் வாய்க்கு வந்தபடி சொன்ன எண் அன்று. ரிஹானாவின் முதல் ஆல்பம் 2005இல் வந்தது. 2006, 2007, 2009, 2010, 2011, 2012 என அடுத்தடுத்து வந்தன. இடையில் 2008 மட்டும் வெறுமை. எட்டு ஆண்டுகளில் ஏழு. ஆண்டுக்குச் சராசரி 0.875. வகுப்பில் படித்த பாய்சான் பரவலில் இதைப் பொருத்தினால், ஓராண்டில் ஓர் ஆல்பமாவது வருவதற்கான நிகழ்தகவு 0.58. விடையைக் கட்டமிட்டு வைத்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை. தகரப் பெட்டிக்குப் பதில் சொல்லிவிட்டதாகவே எண்ணினேன்.

பிறகுதான் சோதித்துப் பார்த்தேன். எட்டாவது ஆல்பமான 'ஆன்டி' 2016 ஜனவரியில் வெளிவந்தது. அதன்பின் 2017 முதல் 2024 வரை மீண்டும் ஓர் எட்டு ஆண்டுகள். என் கணக்குப்படி அவற்றில் ஏழு ஆல்பங்கள் வந்திருக்க வேண்டும். ஒன்றுகூட வரவில்லை! அதே பரவலின்படி இப்படி நேர்வதற்கு வாய்ப்பு ஏறத்தாழ 1,100இல் ஒன்று. ஆண்டுதோறும் 'ஆம்' சீட்டு வாங்கியிருந்தால் எட்டு முறையும் இழந்திருப்பேன்.

பிழை கூட்டல் கழித்தலில் இல்லை. பாய்சான் பரவலுக்கு நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும்; சராசரி வீதமும் மாறாதிருக்க வேண்டும். கதிரியக்கத் தனிமத்தின் சிதைவுக்கு இது பொருந்தும். அணுவுக்கு வேறு தொழில் இல்லை. ரிஹானாவோ 2017இல் 'ஃபென்டி பியூட்டி' என்ற ஒப்பனைப் பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். 2022இல் ஒரு திரைப்படத்துக்காக ஒரு தனிப்பாடலை வெளியிட்டார். 2023 பிப்ரவரியில் சூப்பர் பௌல் போட்டியின் இடைவேளையில் பாடினார். ஒவ்வொரு முறையும் 'இதோ வருகிறது' என்று இரசிகர்கள் ஆர்ப்பரித்ததே மிச்சம்.

சரி, கணக்கை விட்டுக் குறிப்புகளைத் துருவலாமே என்றால், அதுவும் வழுக்கு நிலம். 2024 பிப்ரவரியில் கிராமி விழாவையொட்டி டெய்லர் ஸ்விஃப்ட் தம் சமூக ஊடகப் படங்களைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினார். 'ரெப்யூட்டேஷன்' என்ற பழைய ஆல்பத்தின் மறுபதிவைத்தான் அறிவிக்கப் போகிறார் என்று பலர் துணிந்தனர். மேடையில் அவர் அறிவித்ததோ முற்றிலும் புதிய ஆல்பம். ஏப்ரல் 19இல் அது வெளியாயிற்று. அந்த மறுபதிவில் கால் பங்குகூடத் தாம் முடிக்கவில்லை என்று 2025 மே மாதத்தில் அவரே எழுதினார். ஃபிராங்க் ஓஷன் 2015 ஜூலை என்று குறிப்புக் காட்டி, 2016 ஆகஸ்டில் அடுத்தடுத்த இரு நாட்களில் இரண்டைத் தந்தார்.

இத்தகைய பந்தயத்தில் தோற்றவர்களில் ஒரு குளிர்பான நிறுவனமும் உண்டு. 'கன்ஸ் அன் ரோசஸ்' குழு ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்த 'சைனீஸ் டெமாக்ரசி' 2008க்குள் வந்துவிட்டால் அமெரிக்கர் அனைவருக்கும் ஒரு பானம் இலவசம் என்று டாக்டர் பெப்பர் அறிவித்தது. வராது என்ற துணிவுதான்! 2008 நவம்பர் 23இல் வந்துவிட்டது.

இவை எல்லாவற்றிலும் என்னை உறுத்தியது வேறொன்று. 2013 டிசம்பர் 13இல் பியான்சே எந்த முன்னறிவிப்புமின்றி ஒரு முழு ஆல்பத்தை வெளியிட்டார். உலகத்துக்கு அது திகைப்பு. ஒலிப்பதிவு செய்தவருக்கும், படம் பிடித்தவருக்கும், ஒப்பந்தம் தட்டச்சு செய்தவருக்கும் அதில் என்ன திகைப்பு இருந்திருக்கும்? வினைல் இசைத்தட்டாக வரவேண்டுமானால் மாதக்கணக்கில் முன்னதாகவே ஆலைக்குச் செய்தி போயாக வேண்டும். உள்ளிருப்போர் பணம் கட்டக் கூடாது என்று கால்ஷியில் விதி இருக்கிறது. அவர் தம் மைத்துனர் காதில் ஓதுவதை எந்த விதி தடுக்கும்?

பொங்கல் விடுமுறையில் இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். தகரப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்பா வாங்கின சீட்டுல எந்த நம்பர் விழும்னு யாருக்கும் தெரியாது இல்லையா?"

"குலுக்கும்வரை தெரியாது, அம்மா."

"இதுல?"

"பாடுகிறவருக்குத் தெரியும். அவரோடு இருக்கிறவர்களுக்கும் தெரியும்."

"அப்போ முப்பதுக்கு உனக்கு விக்கிறவன் யாருன்னு எப்படிக் கண்டுபிடிப்பே?"

கல்லூரி திறந்ததும் இக்கேள்வியை எங்கள் பேராசிரியரிடம் கொண்டுபோனேன். என் நோட்டில் கட்டமிட்டிருந்த 0.58ஐச் சற்று நேரம் பார்த்தார். "ஒருவர் விற்க முன்வருகிறார் என்பதே ஒரு செய்தி. அது தெரிந்த பிறகு உன் நிகழ்தகவு எவ்வளவு? பேயீஸ் தேற்றத்தை வைத்துப் போட்டுக்கொண்டு வா" என்றார். இன்னும் போட்டு முடிக்கவில்லை. விற்பவருக்குத் தெரிந்திருப்பதற்கான நிகழ்தகவு என்ற இடத்தில் எந்த எண்ணைப் போடுவது என்பதிலேயே நிற்கிறேன்.