கயிற்றைப் பிடித்திருக்கும் நேரம்தான் கணக்கு

கேள்வி: எங்களுக்குப் பொள்ளாச்சி பக்கமுங்க. மகள் ஒன்பதாவது படிக்கிறாள். சின்ன வயசிலிருந்தே நீச்சல். போன லீவில் அபுதாபியில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போனவள், கேபிளில் இழுக்கிற வேக்போர்டில் ஏறிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு. போட்டிக்குப் போகணும், இந்தியாவுக்கு ஆடணும் என்கிறாள். அவங்கப்பா, “ஆழியாறு டேம் பக்கத்துலயே இருக்குது, ஒரு போர்டு வாங்கிக் குடுத்தாப் போச்சு” என்கிறார். எனக்கோ வயிற்றைக் கலக்குகிறது. இதில் எதிர்காலம் உண்டுங்களா? எங்கே தொடங்குவது?

பதில்: முதலில் போர்டு வாங்காதீர்கள் அம்மா. இரண்டாவது, ஆழியாறை மறந்துவிடுங்கள். இந்த இரண்டையும் ஒப்புக்கொண்டால் மற்றதைப் பொறுமையாகப் பேசலாம். உங்கள் மகளின் ஆசை நடக்காத ஆசை இல்லை. ஆனால் கோவைப் பக்கம் இருந்துகொண்டு அதை எந்த வரிசையில் செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வேக்போர்டில் இரண்டு வகை. ஒன்று படகு இழுப்பது. மணிக்கு சுமார் 35 கிலோமீட்டர் வேகத்தில் போகும் படகுக்குப் பின்னால், ஏறக்குறைய 20 மீட்டர் கயிற்றில் வீராங்கனை வருவார். படகு கிளப்பும் அலையில் ஏறி, காற்றில் எம்பிச் சுழல்வார். இன்னொன்று கேபிள். கோபுரங்களுக்கு நடுவே மின்மோட்டார் சுழற்றும் கம்பி வடம், கயிற்றை இழுத்துச் செல்லும். நடுவர்கள் எத்தனை குட்டிக்கரணம் என்று மட்டும் எண்ணுவதில்லை. எவ்வளவு சுத்தமாகச் செய்தார், எவ்வளவு உயரமாக, கடினமாகச் செய்தார், வித்தைகளை எப்படிக் கோத்தார் என்று மூன்றையும் பார்ப்பார்கள்.

இந்தச் சுத்தம் ஒரே வழியில்தான் வரும்: கயிற்றைப் பிடித்திருக்கும் நேரம். படகில் ஒரு சமயம் ஒருவர்தான் போக முடியும். எரிபொருள், ஓட்டுநர், கூட ஒரு கண்காணிப்பாளர் என்று செலவும் ஏறும். கேபிள் பூங்காவிலோ விழுந்தால் நீந்திக் கரையேறி வரிசையில் நின்று மறுபடி போகலாம். தொடங்குகிறவருக்கு ஒரு ரூபாய்க்கு அதிக நிமிடம் தருவது கேபிள்தான். போர்டுக்கு வைத்திருக்கும் பணத்தை நிமிடங்களுக்குச் செலவழியுங்கள். போர்டோடு பொருத்தும் காலணியின் அளவு வளரும் பெண்ணுக்கு மாறிக்கொண்டே இருக்கும். முதல் இரண்டு ஆண்டுக்கு வாடகைப் போர்டே போதும். தலைக்கவசமும் அடிதாங்கும் உடுப்பும் மட்டும் அவள் அளவுக்குச் சொந்தமாக வாங்குங்கள்.

ஏன் நம் அணைகள் வேண்டாம்?

அவங்கப்பாவிடம் இதைக் காட்டுங்கள். அமராவதி அணையிலும் பவானிசாகரிலும் முதலைகள் இருக்கின்றன. அமராவதி கரையில் முதலைப் பண்ணையே உண்டு. ஆழியாறில் படகுச் சவாரி நடப்பதால், விசைப்படகில் கயிறு கட்டி இழுக்கலாம் என்று ஆகிவிடாது. நீர்வளத் துறை அனுமதியில்லாமல் அணை நீரில் அதைச் செய்ய முடியாது. நீர்மட்டம் ஏறி இறங்கும் அணையில் மூழ்கிய மரக்கட்டையும் பாறையும் எங்கே இருக்கிறது என்று கரையில் நின்று சொல்ல முடியாது. மீன் வலை காலில் சுற்றினால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. கோவை மாநகரக் குளங்களிலோ சாக்கடை நீர் கலக்கும் சிக்கல் இன்னும் தீரவில்லை. விழும்போதெல்லாம் காதிலும் மூக்கிலும் தண்ணீர் போகும் விளையாட்டு இது. காது நோயும் எலிக்காய்ச்சலும் வேண்டாத வரவுகள்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடியது

கேபிள் இல்லாத ஊரில் இருப்பதால் காலம் வீணாகிறது என்று மகள் நினைத்தால், அது தவறு. அமெரிக்க வீராங்கனை டல்லஸ் ஃப்ரைடே ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்து வேக்போர்டுக்கு வந்தவர். பதின்ம வயதிலேயே எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். காற்றில் உடம்பு எங்கே இருக்கிறது என்கிற உணர்வைத் தரையிலேயே கற்றிருந்தார். கோவையில் நல்ல ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளரும் டிராம்போலினும் கிடைத்தால் வாரம் இரண்டு நாள் அனுப்புங்கள். முதலில் கரணம் வேண்டாம். நேராக எம்பி, நேராக இறங்கட்டும்.

தண்ணீரில் எழுந்து நிற்பதைத் தோட்டத்துப் புல்தரையிலேயே பழகலாம். மகளை உட்காரச் சொல்லுங்கள். முழங்கால் நெஞ்சோடு, குதிகால் உடம்போடு ஒட்டி இருக்கட்டும். தடித்த கயிற்றின் நுனியில் ஒரு கட்டையைக் கட்டி, இரு கைகளாலும் பிடித்து, கைகளை நேராக நீட்டட்டும். எதிரில் நிற்பவர் மெல்லப் பின்னோக்கி நடந்து இழுக்க வேண்டும். கைகளை மடக்கக் கூடாது, தானாக எழவும் கூடாது. இழுவை உடம்பைப் பாதத்தின் மேல் ஏற்றும் வரை பொறுத்து, அதன்பின் நிமிர வேண்டும். தண்ணீரில் புதியவர்கள் விழுவதெல்லாம் இங்கேதான். கட்டையை நெஞ்சுக்கு இழுப்பார்கள், அல்லது போர்டு நீர்ப்பரப்புக்கு வருவதற்கு முன்பே எழுந்து நிற்பார்கள். அப்போது நீர் போர்டைத் தடுத்து, ஆளை முன்னால் குப்புறத் தள்ளும். எழுந்தபின் கட்டை முன்னிடுப்புக்கு அருகில், தாழ்வாக இருக்க வேண்டும். இது பழகிவிட்டால் பூங்காவில் முதல் நாள் முழுவதும் எழுவதற்கே போகாது.

அடுத்தது முழங்கால். குதித்து இறங்கும் விளையாட்டுகளில் முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் அறுபடுவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். பெட்டியிலிருந்து குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் வளைகிறதா என்று முன்னால் நின்று போனில் படம் பிடியுங்கள். வளைந்தால், அது நேராகும் வரை உயரத்தைக் கூட்டாதீர்கள். ஒற்றைக்கால் உட்கார்ந்து எழுதல், பின்தொடைப் பயிற்சி, கம்பியில் தொங்குதல், முதுகுத் தசைக்கு இழுக்கும் பயிற்சி இவையெல்லாம் வாரம் மூன்று நாள் போதும். நீச்சலை விட வேண்டாம். விழுந்து களைத்த பிறகும் பதறாமல் கரை சேர்க்கும் மூச்சு அதில்தான் இருக்கிறது.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுக் கொள்ளு, ராகி, கம்பு, முட்டை, நாட்டுக்கோழி எல்லாம் நல்லதே. அளவுதான் முக்கியம். பயிற்சி கூடும்போது சாப்பாடு கூடாவிட்டால் மாதவிலக்கு தள்ளிப் போகும், எலும்பு பலவீனமாகும். “விளையாடுகிற பிள்ளைக்கு அப்படித்தான்” என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ரத்தத்தில் இரும்புச்சத்தையும் பாருங்கள்.

கேபிளுக்குப் போகும்போது

விடுமுறைகளைக் கயிற்று நேரமாக மாற்றுங்கள். அபுதாபியில் அல் ஃபர்சான் பூங்கா இருக்கிறது, சித்தப்பா வீடும் இருக்கிறது. பாங்காக் அருகே தாய் வேக் பார்க் உண்டு. பிலிப்பைன்ஸின் காமரினெஸ் சூர் மாகாணத்தில், கடலை ஒட்டாத உள்நாட்டில் மாகாண அரசே ஏரி வெட்டிக் கேபிள் பூங்கா அமைத்தது. மோட்டாரும் பம்பும் செய்கிற கோவைத் தொழில்முனைவோர் யாராவது ஒருநாள் இதை யோசிக்கலாம். ஆனால் வீட்டில் கயிறு சுற்றும் வின்ச் இயந்திரம் செய்து பிள்ளையை இழுக்கும் சோதனை வேண்டாம். அவசர நிறுத்தமும் பயிற்சி பெற்ற இயக்குநரும் இல்லாத வடம் ஆபத்து.

ஒரே வாரத்தில் புதுப்புது வித்தை கற்க ஆசைப்படாதீர்கள். முதல் பயணத்தில் இரண்டு பக்க விளிம்பிலும் போர்டைக் கட்டுப்படுத்தி வளைவதும், குதிக்காமல் கேபிளின் முழுச் சுற்று வருவதும் போதும். விளிம்பு தண்ணீரில் சிக்கினால் முகம் அறைபடும். காதுச்சவ்வு கிழியலாம், தலையில் அதிர்ச்சியும் வரலாம். தலையில் அடிபட்டு மயக்கம், குழப்பம், வாந்தி எது வந்தாலும் அன்று ஆட்டம் முடிந்தது. மருத்துவர் சொல்லும் வரை தண்ணீரில் இறக்காதீர்கள். அடிதாங்கும் உடுப்பை உயிர்காப்பு உடையென்று நம்பவும் வேண்டாம். மயங்கியவரின் முகத்தை மேலே வைத்து மிதக்கவிடும் என்ற உத்தரவாதம் அதற்கில்லை. படகில் இழுபடும்போது சான்று பெற்ற லைஃப் ஜாக்கெட், ஓட்டுநர் தவிர ஒரு கண்காணிப்பாளர், விழுந்ததும் “நலம்” என்று தலைமேல் கைவைக்கும் சைகை, இந்த மூன்றும் இல்லாத இடத்தில் ஏற்றாதீர்கள்.

எதிர்காலம்

உண்மையைச் சொல்கிறேன். வேக்போர்டு ஒலிம்பிக்கில் இல்லை. 2020 ஒலிம்பிக்கில் சேர்ப்பதற்கான பரிசீலனைப் பட்டியலில் இடம்பெற்றும் தேர்வாகவில்லை. உலக வேக்போர்டு போட்டிகளையும் ஆசிய அளவிலான போட்டிகளையும் பன்னாட்டு வாட்டர்ஸ்கி, வேக்போர்டு கூட்டமைப்பு நடத்துகிறது. சிங்கப்பூரின் சாஷா கிறிஸ்டியன் 2015 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். சிறிய நாட்டுப் பெண்ணுக்கும் மேடை உண்டு. ஆனால் இந்தப் போட்டிகளின் சான்றிதழ் கல்லூரி இடமோ அரசு வேலையோ தரும் என்று கணக்குப் போடாதீர்கள். தமிழ்நாட்டில் 3 சதவீத விளையாட்டு வேலை ஒதுக்கீட்டுக்கு ஏற்கப்படும் விளையாட்டுகளின் பட்டியல் உண்டு. அதில் எது இருக்கிறது என்று கோவை நேரு ஸ்டேடியத்தில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். “தேசிய போட்டி, பணம் கட்டுங்கள்” என்று யாராவது அழைத்தால், அந்தச் சங்கத்துக்கு மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

ஆகவே கூடவே இன்னொரு நீர் விளையாட்டை வைத்துக்கொள்ளச் சொல்வேன். கடற்கரை தொலைவு, ஆனாலும் அலைச்சறுக்கும் பாய்மரமும் தமிழ்நாட்டிலேயே முறையாகக் கற்கலாம். மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தி ஸ்கேட்போர்டிலிருந்து அலைச்சறுக்குக்குப் போனவர். பலகை மாறினாலும் சமநிலை கூடவே வந்தது. சென்னை நேத்ரா குமணன் 2009இல் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடை முகாமில் தொடங்கி, எஞ்சினீயரிங்கும் படித்து, ஸ்பெயினின் கிரான் கனாரியாவில் போய்ப் பயிற்சி எடுத்தவர். 2021 ஏப்ரலில் ஓமனில் தகுதி பெற்று, ஒலிம்பிக்குக்குத் தேர்வான முதல் இந்தியப் பாய்மர வீராங்கனையானார். டோக்கியோவில் 35ஆம் இடம், பாரிசில் 21ஆம் இடம். கோடை முகாமிலிருந்து டோக்கியோவுக்கு 12 ஆண்டுகள். அந்த நீளத்தைக் குடும்பம் தாங்குமா என்று இப்போதே உட்கார்ந்து பேசுங்கள்.

இரண்டு ஆண்டுத் திட்டமாகப் போடுங்கள். பத்தாம் வகுப்பு ஆண்டில் உடற்பயிற்சி, நீச்சல் மட்டும். தேர்வு முடிந்ததும் ஒரு நீண்ட பயணம். பதினொன்றில் மேலும் இரண்டு பயணங்கள், கடைசிப் பயணத்தில் அந்தப் பூங்காவிலேயே நடக்கும் உள்ளூர் போட்டி ஒன்றில் வயதுப் பிரிவில் பெயர் கொடுங்கள். இடம் எதுவானாலும் பரவாயில்லை, வீடியோ எடுத்துப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். அதன்பின் மூன்று கேள்விகள்: காயமின்றிப் பயிற்சியைத் தொடர முடிந்ததா? காற்றில் எம்பிச் சுழலும் வித்தை ஒன்றையாவது பத்துக்கு ஏழு தடவை விழாமல் இறக்குகிறாளா? நீங்கள் எழுப்பாமல் அவளே காலையில் எழுந்து பயிற்சிக்குப் போகிறாளா? மூன்றுக்கும் ஆமாம் என்றால், சொந்தப் போர்டு வாங்கும் நேரம் வந்துவிட்டது. முதல் இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்றால் ஓர் ஆண்டு தள்ளிப்போடுங்கள். மூன்றாவதற்கு இல்லை என்றால், அவளுக்கு இது விடுமுறை விளையாட்டாகவே இருக்கட்டும். அதிலும் குறையொன்றும் இல்லை.